எழுத்தா, ஏவலா? – டெர்மினல் திரையின் ரகசியம்



நம் ஆண்டு மலரில் கவிதையும் கடி ஜோக்கும்தான் எல்லோரும் முதலில் தேடுவது. பாடம் சம்பந்தமாக ஒரு கட்டுரை வந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படித்தான். ஆனாலும் இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஏனென்றால் இது பாடம் மட்டுமல்ல, லேபில் நான் அழுத கதையும்கூட.

போன செமஸ்டரில் லினக்ஸ் லேப். நம் லேபில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். விண்டோஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பட்டி என்ற மென்பொருளைத் திறந்து, அதன் வழியாக சர்வருக்குள் நுழைய வேண்டும். சி புரோகிராம் எழுதினேன், கம்பைல் செய்தேன், எழுதியதைத் திரையில் ஒருமுறை பார்க்கலாம் என்று கேட் கட்டளை கொடுத்தேன். அவசரத்தில் சோர்ஸ் ஃபைலின் பெயருக்குப் பதிலாக ஏ.அவுட் என்ற ஃபைலின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான்! திரை முழுக்கக் கிறுக்கல். டிங், டிங் என்று மணிச் சத்தம். எல்லாம் ஓய்ந்த பிறகு பார்த்தால், கட்டளை வரியில் "பட்டிபட்டிபட்டிபட்டி" என்று வரிசையாக நிற்கிறது. நான் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை!

சத்தம் கேட்டு வந்தவர் திரையைப் பார்த்தார். "ஏம்மா, விளையாடுறியா? இதையெல்லாம் டைப் பண்ணத்தான் மெஷின் குடுத்தோமா? ஏதாவது கெட்டுப்போச்சுன்னா உன்கிட்டதான் வாங்குவோம்" என்றார். "நான் டைப் பண்ணல சார்" என்றேன். "பின்னே, அதுவா டைப் பண்ணுச்சு?" என்று கேட்டார். பின்னால் இருந்த பெஞ்ச் முழுக்கச் சிரித்தது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா பெயிண்டர். சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பவர். அன்று ராத்திரி நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த மெஷின் என்ன விலை இருக்கும் கண்ணு?" என்பதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அடியே, எதுவும் உடையல. நீ சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார். அப்படி என்னத்தைக் கேட்டது? அதைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

சொல்வதை எழுதுதல்

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் 'சொல்வதை எழுதுதல்' வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? "கண்ணன் கடைக்குப் போனான், முற்றுப்புள்ளி. அடுத்த வரி." முதல் நாளில் சில பிள்ளைகள் "முற்றுப்புள்ளி அடுத்த வரி" என்பதையும் எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதிவிடுவார்கள். டீச்சரின் வாய் ஒன்றுதான். அதிலிருந்து எழுத வேண்டிய சொல்லும் வருகிறது, செய்ய வேண்டிய வேலையும் வருகிறது. எது எழுத்து, எது ஏவல் என்று பிரித்தறிவது கேட்பவரின் பொறுப்பு.

டெர்மினலின் வேலையும் இதுதான். சர்வரிலிருந்து அதற்கு வருவது ஒரே ஒரு பைட் ஓடை. அதில் சில பைட்டுகளைத் திரையில் எழுத வேண்டும்; சிலவற்றைக் கட்டளையாக எடுத்துச் செய்ய வேண்டும். கட்டளைக்கென்று தனி ஒயர் கிடையாது.

33 கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

1963-இல் வெளியான ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 127 வரை 128 குறியீடுகள் உண்டு. அவற்றில் 95 மட்டுமே எழுத்து, எண், குறி, இடைவெளி. மீதி 33, அதாவது 0 முதல் 31 வரையும் 127-உம், கட்டுப்பாட்டுக் குறிகள். அவற்றுக்கு உருவம் இல்லை, வேலை மட்டுமே உண்டு.

அந்தக் காலத்தில் திரை ஏது? டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். அதே 1963-இல் வந்த டெலிடைப் 33 வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். 7 என்ற எண் வந்தால் உள்ளே இருக்கும் நிஜ மணி அடிக்கும். 8 என்பது ஓர் எழுத்து பின்னால் போகச் சொல்லும் குறி. 10 வந்தால் காகிதம் ஒரு வரி மேலே ஏறும். 13 வந்தால் அச்சு முனை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். காகிதத்தை ஏற்றுவது வேறு, முனையைத் திருப்புவது வேறு. அதனால்தான் வரி முடிய இரண்டு குறிகள். விண்டோஸ் ஃபைலில் வரி முடிவுக்கு 13, 10 என்று இரண்டும் இருப்பதும், லினக்ஸில் 10 மட்டும் இருப்பதும் அந்தப் பழைய இயந்திரத்தின் மிச்சம்.

127-க்கும் ஒரு கதை உண்டு. காகித நாடாவில் துளை போட்டுத் தகவல் சேமித்தார்கள். தவறாக அடித்துவிட்டால் துளையை மூட முடியாதே! அதனால் அந்த இடத்தில் ஏழு துளைகளையும் போட்டுவிடுவார்கள். ஏழு பிட்டும் 1 என்றால் 127. அதுதான் அழிப்புக் குறி. இயந்திரம் அதைப் பார்த்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

கன்ட்ரோல் விசை என்ன செய்கிறது?

கன்ட்ரோல் விசையோடு ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்தின் மேல் பிட்டுகள் நீங்கிக் கீழ் ஐந்து பிட்டுகள் மட்டும் போகின்றன. ஜி ஆங்கிலத்தில் ஏழாவது எழுத்து, ஆகவே கன்ட்ரோல் ஜி என்பது 7, மணி. கன்ட்ரோல் ஹெச் 8, பின்னகர்வு. கன்ட்ரோல் ஐ 9, டேப். கன்ட்ரோல் எம் 13, அதாவது என்டர். மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை, விரல் விட்டு எண்ணினால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோல் சி தட்டினால் புரோகிராம் நிற்கிறதே, அதை நிறுத்துவது டெர்மினல் அல்ல. டெர்மினல் 3 என்ற எண்ணை அனுப்புவதோடு சரி. நடுவில் லினக்ஸ் கர்னலுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான், டி.டி.ஒய். என்று பெயர். 3 வந்தால் ஓடும் புரோகிராமுக்கு நிறுத்தச் சொல்லும் சிக்னல் அனுப்புவது அவன்தான். புரோகிராம் அனுப்பும் 10-ஐ 13, 10 என்று இரண்டாக்கி டெர்மினலுக்கு அனுப்புவதும் அவன்தான். ஏதாவது புரோகிராம் பாதியில் செத்து அந்த வேலை நின்றுபோனால், எழுத்துகள் மாடிப்படி மாதிரி சரிந்து சரிந்து விழும். இதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

எஸ்கேப் – 27

பிறகு கண்ணாடித் திரை வந்தது. காகிதத்தில் முடியாதது திரையில் முடியும். அழிக்கலாம், நினைத்த இடத்துக்குப் போகலாம். ஆனால் இத்தனை புதிய ஏவலுக்கு 33 குறிகள் போதுமா? போதாது. ஆஸ்கியிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் எஸ்கேப் என்ற 27. அதன் பொருள், "அடுத்து வருவதை எழுத்தாகப் பார்க்காதே, ஏவலாகப் பார்" என்பதே.

வசதி வந்ததும் குழப்பமும் வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் குறி வைத்துக்கொண்டது. கர்சரை ஓர் இடத்துக்கு நகர்த்த 1975-இல் வந்த டெக் கம்பெனியின் வி.டி.52-க்கு எஸ்கேப், ஒய் என்று அனுப்ப வேண்டும். 1976-இல் வந்த ஏ.டி.எம்.-3ஏ-க்கு எஸ்கேப், சமக்குறி என்று அனுப்ப வேண்டும். வி.ஐ. எடிட்டரை எழுதிய பில் ஜாய் பயன்படுத்தியது இந்த ஏ.டி.எம்.-3ஏ தான். அதன் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறி அச்சிட்டிருந்தது. இன்றும் வி.ஐ.-இல் கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்துதான் என்று லேபில் அலுத்துக்கொள்கிறோமே, காரணம் இதுவே!

எந்த டெர்மினலுக்கு எந்தக் குறி என்று ஒரு பட்டியலே வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. பில் ஜாய் 1978-இல் எழுதிய டெர்ம்கேப் அப்படிப்பட்ட பட்டியல்தான். அதன் வாரிசான டெர்ம்இன்ஃபோ இன்றைய லினக்ஸிலும் இருக்கிறது.

பொது இலக்கணமும் வந்தது. 1976-இல் ஈ.சி.எம்.ஏ.-48 என்ற தரம் வெளியானது. 1979-இல் அமெரிக்காவின் ஆன்சி அமைப்பும் அதையொட்டி ஒரு தரம் வெளியிட்டது. 1978-இல் வந்த டெக் வி.டி.100 இந்த இலக்கணத்தைப் பின்பற்றியது. உள்ளே நாம் மைக்ரோபிராசசர் பாடத்தில் படிக்கிற இன்டெல் 8085-இன் அண்ணன், 8080! வி.டி.100 பெரிய வெற்றி பெற்றது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதைப்போல நடித்தார்கள். 1984-இல் தொடங்கிய எக்ஸ்டெர்ம், 1999-இல் வெளியான பட்டி, இன்றைய விண்டோஸ் டெர்மினல் எல்லாமே அந்த இயந்திரத்தின் வேஷம் கட்டிய மென்பொருள்கள்தாம். அதனால்தான் இவற்றுக்கு டெர்மினல் எமுலேட்டர் என்று பெயர்.

ஒரு ஏவலை அறுத்துப் பார்ப்போம்

இனி எஸ்கேப் என்று நான் எழுதினால் அது 27 என்ற ஒரே பைட். எம், ஜே என்று எழுதினால் அந்த ஒற்றை ஆங்கில எழுத்து.

பெரும்பாலான ஏவல்கள் எஸ்கேப், [ என்ற இரண்டு பைட்டில் தொடங்கும். இதற்கு சி.எஸ்.ஐ. என்று பெயர். அதன் பின்னே மூன்று வகைப் பைட்டுகள் வரலாம்.

48 முதல் 63 வரை உள்ளவை அளவுகள். எண்களும் அரைப்புள்ளியும் இதில் அடக்கம்.
32 முதல் 47 வரை உள்ளவை இடைக்குறிகள். அபூர்வமாகவே வரும்.
64 முதல் 126 வரை உள்ளது இறுதி எழுத்து. இது வந்தால் ஏவல் முடிந்தது, செய்துவிட வேண்டும்.

ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவது நம் தமிழ் வழக்கம். "ஐந்தாம் வரி, பத்தாம் கட்டத்துக்குப் போ" என்கிறோம். இங்கேயும் அதே வரிசைதான்! எஸ்கேப் [ 5 ; 10 ஹெச் என்றால் ஐந்தாம் வரி, பத்தாம் கட்டத்துக்குப் போ. எஸ்கேப் [ 2 ஜே என்றால் திரை முழுவதையும் அழி. எஸ்கேப் [ கே என்றால் கர்சரிலிருந்து வரியின் கடைசிவரை அழி. இறுதியில் எம் வந்தால் அது எழுத்தின் அலங்காரம். 1 தடித்த எழுத்து, 4 அடிக்கோடு, 7 நிறம் தலைகீழ், 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம், 40 முதல் 47 வரை பின்னணி நிறம், 0 வந்தால் எல்லாம் பழையபடி.

டெர்மினலுக்குள் என்ன நடக்கிறது?

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் ஸ்டேட் மெஷின் படித்தோமே, "இதெல்லாம் எங்கே வரப்போகுது" என்று கேட்டோமே, இங்கேதான் வருகிறது. டெர்மினல் எப்போதும் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது. ஒரு பைட் வரும். இப்போதைய நிலை என்ன, வந்த பைட் என்ன என்ற இரண்டையும் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும். முக்கியமான நிலைகள் நான்கு.

1. சாதாரண நிலை: எழுத்து வந்தால் வரை. 27 வந்தால் எஸ்கேப் நிலைக்குப் போ.
2. எஸ்கேப் நிலை: [ வந்தால் சி.எஸ்.ஐ. நிலைக்குப் போ. ] வந்தால் சர நிலைக்குப் போ.
3. சி.எஸ்.ஐ. நிலை: எண்களைச் சேர்த்துக்கொண்டே இரு. இறுதி எழுத்து வந்ததும் செய்து முடித்து, சாதாரண நிலைக்குத் திரும்பு.
4. சர நிலை: முடிவுக் குறி வரும்வரை வருவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள். திரையில் காட்டாதே. ஜன்னலின் தலைப்பை மாற்றும் ஏவல் இப்படித்தான் வரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சர்வரிலிருந்து வரும் பைட்டுகள்: 27, 91, 49, 59, 51, 49, 109, 79, 75.

27 வந்தது, எஸ்கேப் நிலை. 91 என்பது [ குறி, ஆகவே சி.எஸ்.ஐ. நிலை. 49 என்பது 1 என்ற இலக்கம். முதல் அளவு 1. 59 என்பது அரைப்புள்ளி, ஆகவே அடுத்த அளவைத் தொடங்கு. 51 என்பது 3. இரண்டாம் அளவு இப்போது 3. மறுபடி 49, பழையதைப் பத்தால் பெருக்கி 1-ஐக் கூட்டு, 31. 109 என்பது எம், இறுதி எழுத்து. 1 என்றால் தடித்த எழுத்து, 31 என்றால் சிவப்பு. செய்தாயிற்று, சாதாரண நிலை. 79, 75 வந்தால் ஓ.கே. என்று தடித்த சிவப்பில் வரைகிறது. ஒன்பது பைட்டில் திரைக்கு வந்தது இரண்டே எழுத்து!

கடைசியில் எஸ்கேப் [ 0 எம் அனுப்ப மறந்துவிட்டால் அதன் பிறகு வரும் எல்லாமே சிவப்புதான். நிலையை மாற்றினால் அது மாறியபடியே இருக்கும். நாம்தான் திருப்பிவிட வேண்டும்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. ஏவல் பாதி வந்து, மீதி அடுத்த தவணையில் வரலாம். ஆகவே நிலையை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஏவலுக்கு நடுவில் 10 போன்ற கட்டுப்பாட்டுக் குறி வந்தால், அதை உடனே செய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். 24 வந்தால் பாதி ஏவலைக் கைவிட வேண்டும். நடுவில் இன்னொரு 27 வந்தால் புதிதாகத் தொடங்க வேண்டும். புரியாத ஏவல் வந்தால் சத்தம் போடாமல் விழுங்கிவிட வேண்டும்.

திரும்பி வரும் பேச்சு

இதுவரை சர்வர் பேசியது, டெர்மினல் கேட்டது. டெர்மினலும் பேசும். மேல் அம்பு விசையைத் தட்டினால் டெர்மினல் அனுப்புவது எஸ்கேப் [ ஏ என்ற மூன்று பைட். அதைப் புரிந்துகொள்ளாத புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் திரையில் ^[[ஏ என்று விழும். ^[ என்பது 27-ஐக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதும் முறை. எஸ்கேப் விசையைத் தட்டினாலும் அதே 27 தான் போகும். அப்படியானால் வந்தது தனி எஸ்கேப்பா, அம்பு விசையின் முதல் பைட்டா? புரோகிராமுக்குத் தெரியாது. அதனால் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கும். எஸ்கேப் தட்டினால் சில புரோகிராம்கள் தயங்கித் தயங்கி வேலை செய்வது இதனால்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆஸ்கியில் 5 என்ற எண்ணுக்கு "நீ யார்?" என்று பொருள். டெலிடைப் காலத்தில் மறுமுனையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்வி வந்தால் டெர்மினல் தன் பெயரைப் பதிலாக அனுப்பும். நாம் பயன்படுத்தும் மென்பொருள் அனுப்பும் பதில் என்ன தெரியுமா? "பட்டி"! அதன் பெயரே அதுதானே. ஏ.அவுட் ஃபைல் எழுத்தல்ல, இயந்திர மொழி. அதில் 0 முதல் 255 வரை எந்த எண்ணும் இருக்கும். 5 வந்த இடத்திலெல்லாம் டெர்மினல் ஒவ்வொரு முறையும் பெயர் சொன்னது. அந்தப் பதில் விசைப்பலகையில் தட்டியது போலவே சர்வருக்குப் போனது. 7 வந்த இடத்திலெல்லாம் மணி அடித்தது.

ஆக, அன்று "அதுவா டைப் பண்ணுச்சு?" என்று கேட்டார்களே, ஆமாம், அதுவேதான் டைப் பண்ணியது!

தமிழில் ஒரு விபரீதம்

128 முதல் 159 வரையும் இன்னொரு கட்டுப்பாட்டுத் தொகுதி இருக்கிறது. 133 என்றால் அடுத்த வரிக்குப் போ. 144 என்றால் சர நிலைக்குப் போ. 155 என்றால் சி.எஸ்.ஐ.

இப்போது தமிழைப் பாருங்கள். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். 'அ' என்பது 224, 174, 133. 'ஐ' என்பது 224, 174, 144. மூன்றாவது பைட்டைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாகப் பார்க்கும் பழைய வகை டெர்மினலில் 'அம்மா' என்று அனுப்பினால் அடுத்த வரிக்குத் தாவும். 'ஐயா' என்று அனுப்பினால் சர நிலைக்குள் போய், அதன் பின் வருவது கண்ணில் படாமல் போகும். ஐயா காணாமலே போய்விடுவார்!

ஆகவே நல்ல டெர்மினல் முதலில் மூன்று பைட்டையும் சேர்த்து எழுத்தாக்கும். அதன் பிறகுதான் அது எழுத்தா, ஏவலா என்று பார்க்கும். இந்த வரிசை முக்கியம். தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாமே 127-க்கு மேல் இருப்பதால், 27 என்ற எஸ்கேப் அதற்குள் ஒருபோதும் வராது. யூ.டி.எஃப்.-8 முறையின் அருமை அது.

சிரிப்பாய்ச் சிரித்தாலும் ஆபத்து ஆபத்துதான்

எழுத்தும் ஏவலும் ஒரே ஓடையில் வந்தால், ஓடையில் யார் வேண்டுமானாலும் ஏவலைக் கலக்கலாம். டி.ஓ.எஸ். காலத்தில் ஆன்சி.சிஸ் என்ற டிரைவர் இருந்தது. விசைப்பலகையின் ஒரு விசைக்கு வேறு சொல்லை ஏற்றும் ஏவல் அதில் உண்டு. சாதாரண எழுத்து ஃபைல் போல ஒன்றைக் கொடுத்து, அதைத் திரையில் பார்த்தவுடன் ஒரு விசைக்கு ஃபைலை அழிக்கும் கட்டளையை ஏற்றிவிடும் குறும்பு நடந்தது. இதற்கு ஆன்சி குண்டு என்றே பெயர்.

2003-இல் ஹெச்.டி.மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் டெர்மினல்களின் ஓட்டைகளைத் தொகுத்து எழுதினார். அதில் ஒன்று: ஜன்னல் தலைப்பை ஒரு கட்டளையாக மாற்றிவிடு, பிறகு "உன் தலைப்பு என்ன?" என்று கேள். டெர்மினல் சொல்லும் பதில், நாம் தட்டியது போலக் கட்டளை வரியில் போய் உட்காரும். நாம் விவரம் தெரியாமல் என்டர் தட்டினால் முடிந்தது கதை! என் திரையில் 'பட்டி' வந்து நின்ற அதே வழிதான். இன்று பெரும்பாலான டெர்மினல்கள் இந்தப் பதிலை நிறுத்தி வைத்திருக்கின்றன.

வெளியிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுவதிலும் இதே சிக்கல். ஒட்டியதில் ஒரு வரி முடிவு ஒளிந்திருந்தால், படித்துப் பார்ப்பதற்குள் கட்டளை ஓடிவிடும். இதற்கும் ஒரு மருந்து உண்டு. ஒட்டும்போது டெர்மினல் முன்னால் எஸ்கேப் [ 200 ~ என்றும், பின்னால் எஸ்கேப் [ 201 ~ என்றும் வேலி போட்டு அனுப்பும். வேலிக்குள் இருப்பது தட்டியதல்ல, ஒட்டியது என்று ஷெல் புரிந்துகொள்ளும். 2020-இல் வந்த பாஷ் 5.1 முதல் இது தானாகவே இயங்குகிறது.

முதலுதவிப் பெட்டி

லேபில் மாட்டிக்கொண்டால் பயப்படாமல் இதைச் செய்யுங்கள்.

திரை உறைந்துபோய் எதைத் தட்டினாலும் அசையவில்லையா? கைதவறி கன்ட்ரோல் எஸ் தட்டியிருப்பீர்கள். அது "நிறுத்து" என்ற 19. கன்ட்ரோல் கியூ தட்டுங்கள், அது "தொடர்" என்ற 17. ஓடத் தொடங்கிவிடும்.

சிறிய எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக விழுந்து, பெரிய எழுத்து மட்டும் சரியாக இருக்கிறதா? கட்டம் வரையும் எழுத்துத் தொகுதி மாட்டிக்கொண்டது. எஸ்கேப் ( 0 என்ற ஏவலின் வேலை அது. ரீசெட் என்ற கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி, என்டர் தட்டுங்கள். திரையில் கிறுக்கலாகத் தெரிந்தாலும் சர்வருக்குப் போவது சரியான எழுத்துதான்.

தட்டுவது கண்ணுக்குத் தெரியவில்லையா, மாடிப்படி மாதிரி சரிகிறதா? அதற்கும் ரீசெட் போதும்.

தெரியாத ஃபைலைத் திறக்க வேண்டுமா? கேட் வேண்டாம், லெஸ் பயன்படுத்துங்கள். அது 27-ஐ ஏவலாக அனுப்பாமல், கண்ணுக்குத் தெரியும் குறியாக்கிக் காட்டும். கேட்தான் வேண்டுமென்றால் -வி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கும் ஒரு யோசனை. மைக்ரோகன்ட்ரோலரின் சீரியல் வழியில் 27, 91, 50, 74 என்று நான்கு பைட் அனுப்பிப் பாருங்கள், பட்டி திரை சுத்தமாகிவிடும். 27, 91, 72 அனுப்பினால் கர்சர் மேல் மூலைக்குப் போய்விடும். வெப்பநிலை அளவை ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டலாம். எல்.சி.டி. வாங்கும் காசு மிச்சம்!

கடைசியாக

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு, ஒரு மதிய இடைவேளையில் அன்று என்னைத் திட்டியவரிடமே போனேன். கை நடுங்கியது. "சார், ஒரு நிமிஷம் பாருங்க" என்று சொல்லி, 5 என்ற ஒரே ஒரு பைட்டை பிரிண்ட்எஃப் கட்டளையால் திரைக்கு அனுப்பினேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கட்டளை வரியில் "பட்டி" என்று வந்து நின்றது. அவர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். மறுபடியும் வந்தது. "அட, ஆமாம்மா. இது எனக்கே தெரியாது" என்றார். பிறகு அடுத்த பேட்சுக்கு என்னையே சொல்லிக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். மெஷின் கெடவில்லை என்றதும் பெருமூச்சு விட்டார். அந்த மென்பொருளின் பெயரைச் சொன்னதும், "பட்டி எங்க வேலையாச்சே! உன் கம்ப்யூட்டருக்குமா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் இங்கே வந்தவர்கள். ஒரு பட்டனைத் தட்டினால் எதுவோ உடைந்துவிடும் என்ற பயம் நமக்கு நிறைய. உடையாது. திரையில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்கு ஓர் எண் உண்டு. அடுத்த தடவை திரை கிறுக்கினால் அழாதீர்கள். "இவன் எதை ஏவலாக எடுத்துக்கொண்டான்?" என்று கேளுங்கள். யாராவது பக்கத்தில் திருதிருவென்று முழித்தால், சிரிக்காமல் ரீசெட் சொல்லிக் கொடுங்கள்.



– ஒரு மாணவி,
இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு